அரசு வார்டு, தனியார் ஐசியூ, வெளிநாட்டு விமானம்: செவிலியருக்கு எங்கே மதிப்பு?

பிளஸ் டூ முடித்த பெண் நர்சிங் படிக்கப் போவதாகச் சொன்னால், தமிழ்நாட்டின் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "நைட் டூட்டி பார்க்கணுமே, நாளைக்கு வரன் தேடும்போது என்ன சொல்வார்கள்?" என்பதுதான். அதே பெண் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அயர்லாந்துக்கோ கத்தாருக்கோ வேலைக்குச் செல்கிறார் என்றால், அந்த நைட் டூட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேலை மாறவில்லை, வேலை செய்யும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே செவிலியர் பணியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், எந்த வாசல் வழியாக அதற்குள் நுழைவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

"வெள்ளுடை தேவதை" என்ற பட்டத்தையும் உலகச் செவிலியர் நாளான மே 12 அன்று வரும் வாழ்த்துச் செய்திகளையும் இந்த ஒப்பீட்டில் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊதியம் எழுத்தில் உறுதி செய்யப்பட்டிருக்கிறதா, ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் விடப்படுகிறார்கள், நோயாளியின் நிலையைப் பற்றி அவர் சொல்லும் சொல் எடுபடுகிறதா என்ற மூன்றைத்தான் மதிப்பின் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அரசுப் பணியை ஒரே பொருளாகப் பேசுவது பெரும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் சேரும் செவிலிய அலுவலருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய்; அதன்மேல் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. வழியாகச் செல்வது வேறு கதை. 2015-இல் தேர்வெழுதி வென்ற ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் சேராத மொத்தத் தொகையில்தான் அமர்த்தப்பட்டார்கள். இரண்டாண்டுகளில் நிரந்தர அரசு ஊழியருக்குரிய காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்று நம்பியிருந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். அதன்பின் தொகை உயர்ந்தது; பணி நிரந்தரமோ காலியிடம் உருவாக உருவாகப் பணிமூப்பு வரிசையில் மெதுவாகவே வந்தது. கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-உடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2020 மார்ச் 22 மாலை நாடே பால்கனியில் நின்று கைதட்டியது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆயினும் காலமுறை ஊதியத்துக்குள் வந்துவிட்ட அரசுச் செவிலியரின் நிலை தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடியவற்றுள் உறுதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. மகப்பேறு விடுப்பு, பதவி உயர்வு, இடமாறுதல் கலந்தாய்வு எல்லாம் விதிகளின்படி கிடைப்பவை. எவர் தயவிலும் கிடைப்பவை அல்ல. குறை இருப்பது என் இரண்டாவது அளவுகோலில். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவுப் பணியில் நாற்பது கட்டில் கொண்ட வார்டை ஒரே செவிலியர் பார்க்கும் நிலையைக் கண்டவர்களுக்கு, அந்தக் கணக்கு எந்த ஊருக்குரியது என்ற கேள்வி எழும். விடியற்காலை ஊசியும் மருந்தும் போட்டு, ரத்த மாதிரி எடுத்து, டிரிப்ஸ் மாற்றி, கேஸ் ஷீட்டில் அத்தனையும் எழுதி, காலைப் பணிக்கு வருபவரிடம் ஒப்படைக்க வேண்டியவரிடம், முப்பதாவது கட்டிலின் உறவினர் "கூப்பிட்டுக் கால் மணி நேரமாச்சு" என்று சண்டைக்கு வருகிறார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தச் செவிலியர் அல்ல.

தனியார் மருத்துவமனைகளுக்குள் இருக்கும் வேறுபாடு, அரசுக்கும் தனியாருக்கும் இடையே உள்ளதைவிடப் பெரியது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்தில், 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கி 1946-லேயே பட்டப்படிப்பாக வளர்த்த மரபு இருக்கிறது. அங்கே செவிலியர் துறைக்கென்று ஒரு தலைமையும் குரலும் உண்டு. மாவட்டத் தலைநகர் ஒன்றில் முப்பது கட்டிலுடன் இயங்கும் நர்சிங் ஹோமில், பயிற்சி பெற்ற செவிலியரும் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்தவரும் ஒரே நிறச் சீருடையில் நிற்பார்கள். நோயாளிக்கு இருவருமே "சிஸ்டர்"தான். மலிவான ஆளைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் படித்த செவிலியரின் ஊதியத்தைக் கீழே இழுக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தந்த உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 200 கட்டிலுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 கட்டிலுக்குக் குறைந்தவைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் சங்கங்கள் விடாமல் போராடி, 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசு அறிவிக்கும்படி செய்தன. தமிழ்நாட்டின் சிறிய மருத்துவமனைகளில் இத்தொகை இன்னும் பலருக்கு எட்டாக்கனிதான். போதாக்குறைக்கு, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாண்டு பாண்ட் எழுதி வாங்கும் வழக்கமும் உண்டு. அப்படிக் கேட்கும் இடத்தில் எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் சேர வேண்டாம் என்பேன். பெரிய தனியார் மருத்துவமனையின் ஐசியூவுக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு: வென்டிலேட்டரையும் இன்ஃபியூஷன் பம்பையும் கையாண்ட அந்த இரண்டாண்டு அனுபவம் வெளிநாட்டு நேர்காணலில் பேசும்.

வெளிநாட்டில் வளைகுடாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருமான வரி இல்லை, தங்குமிடம் பெரும்பாலும் கிடைக்கும், டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் என்ற கணினிவழி உரிமத் தேர்வும் முடிந்தால் போய்விடலாம். கடன் அடைக்கவும் தங்கையின் படிப்புக்கும் பணம் வேண்டும் என்றால் இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்ட்டுகள் மலிந்ததால், குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓ.எம்.சி.எல்.

பிரிட்டன் என் மூன்றாவது அளவுகோலில் முந்துகிறது. அங்கே நோயாளியின் மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து 'நியூஸ் 2' என்ற மதிப்பெண்ணைச் செவிலியர் கணக்கிடுகிறார்; அது 7-ஐத் தொட்டால் அவசரக் குழு கட்டிலுக்கு வந்தாக வேண்டும். "டாக்டர் தூங்குகிறார், காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் மருந்துச் சீட்டே எழுதலாம். ஆனால் ஊதியத்தில் அந்த நாடும் தன் செவிலியர்களை நிறைவாக வைத்திருக்கவில்லை. 2020-இல் வியாழன்தோறும் வாசலில் நின்று கைதட்டிய அதே நாட்டில், 2022 டிசம்பரில் செவிலியர்கள் அதுவரை காணாத அளவில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நம்மூரில் கொரோனா செவிலியர்கள் வேலை இழந்ததும் அதே மாதத்தில்தான். 2025-26-இல் அங்கே தொடக்க நிலையான பேண்ட் 5-இல் ஆண்டுக்குச் சுமார் 31,000 பவுண்டு கிடைத்தது. லண்டன் வாடகையைக் கழித்துப் பார்த்தால் ஊரில் பேசப்படும் தொகை மிஞ்சாது. புதிய வெளிநாட்டு ஆட்சேர்ப்பும் கடந்த ஓரிரு ஆண்டுகளில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஜெர்மனியில் தேவை இருக்கிறது, ஆனால் ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல் இடைநிலை வரை தேறக் கிட்டத்தட்ட ஓராண்டை ஒதுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பணபலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு நான் சொல்லும் வரிசை இது: பி.எஸ்சி. நர்சிங், பெரிய மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டு, அந்த இடைவெளியிலேயே எய்ம்ஸ் நடத்தும் செவிலிய அலுவலர் தேர்வான நார்செட், பிறகு எம்.ஆர்.பி.; இவை கைகூடாத நிலையில் வெளிநாடு. மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர்களுக்கும் எம்.ஆர்.பி. திறந்தே இருக்கிறது, நார்செட்டுக்கு மட்டும் அவர்கள் 50 கட்டில் மருத்துவமனையில் ஈராண்டு அனுபவம் காட்ட வேண்டும். ஆண்களுக்கு நார்செட்டில் இடம் 20 விழுக்காடுதான் என்பதால் அவர்கள் தனியார் ஐசியூவையும் வெளிநாட்டையும் முன்னே வைத்துத் திட்டமிடுவது நல்லது.

இந்த எல்லா வழிகளும் கல்லூரியில்தான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதால் அரசுக் கல்லூரி இடங்களுக்குப் போட்டி கடுமையாக இருக்கிறது. தனியார் கல்லூரியில் சேர நேர்ந்தால், அந்தக் கல்லூரிக்குக் குறைந்தது 100 கட்டில் கொண்ட தாய் மருத்துவமனை உண்மையிலேயே இயங்குகிறதா, அதன் கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா என்பதைக் கட்டணம் கட்டும் முன் ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.