எந்த வேர்ஷன் என்று கேட்பதை விட்டுவிட்டேன்: புளூடூத் சாமான்களோடு சில வருடங்கள்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பி புளூடூத் வேர்ஷன் 5.0 என்று போட்டிருக்கிறதா, 5.3 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. என்னிடம் பழுதான சாமான்களில் ஒன்றுகூட புளூடூத் வேலை செய்யாமல் பழுதானதில்லை. பற்றரி இறங்கியது, சார்ஜ் ஏறும் பின் கறுத்துப் போனது, மைக் ஓட்டைக்குள் வியர்வை இறங்கி அடைத்தது. போனோடு இணைவது மட்டும் கடைசி நாள் வரைக்கும் ஒழுங்காக நடந்தது.

இப்போது வீட்டில் இருப்பவை: கழுத்தில் போடும் நெக்பாண்ட் ஒன்று, காதில் செருகும் இயர்பட்ஸ் ஒரு சோடி, அம்மாவின் அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், கையில் கட்டும் ஸ்மார்ட் வோச் ஒன்று. எல்லாம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கத்துக் கடைகளில் வாங்கிய நடுத்தர விலைச் சாமான்கள்தான். போன் அன்ட்ரொயிட். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

முதலில் கோல் விஷயம். எங்கள் வீட்டில் புளூடூத்தின் முக்கிய வேலை பாட்டுக் கேட்பதல்ல, ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோடு கதைப்பது. அவருக்கு இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் எங்களுக்கு விடிகிறது. நான் இயர்பட்ஸைக் காதில் செருகிக்கொண்டு முற்றத்தில் நடந்தபடி கதைத்தால், இரண்டு நிமிடத்தில் அங்கிருந்து வரும்: "தம்பி, நீ கிணத்துக்குள்ள நிண்டே கதைக்கிறாய்?" அதே இயர்பட்ஸில் பாட்டுப் போட்டால் தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கிறது. கோல் வந்தால் மட்டும் ஏன் இப்படி?

காரணம் ஹெட்செட்டின் தரம் மட்டும் இல்லை. பாட்டுக் கேட்கும்போது ஒலி ஒரே திசையில், போனிலிருந்து காதுக்கு மட்டும் போகிறது. அதற்கு புளூடூத்தில் ஒரு வழிமுறை. கோல் என்றதும் உங்கள் குரலும் திரும்பிப் போக வேண்டும். அப்போது போன் வேறொரு பழைய வழிமுறைக்கு மாறிவிடும். பாட்டுக்கு நொடிக்கு 300 கிலோபிற்றுக்கு மேல் தரவு கிடைத்த இடத்தில் இதற்குக் கிடைப்பது 64 கிலோபிற். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து எடுக்கும், கொஞ்சம் புதிய முறையில் 16,000 தடவை. பாட்டுக்கு அது 44,100. வட்ஸ்அப் கோல் என்றாலும் இதே கதைதான். மைக் திறந்த அந்தக் கணமே நீங்கள் கேட்கும் ஒலியும் சேர்ந்து மங்கிப்போவதை யாரும் கவனிக்கலாம். விலை கூடிய ஹெட்செட் வாங்கினாலும் இந்த இறக்கம் முழுதாகப் போகாது.

இதற்கு மேல் மைக் இருக்கும் இடம் ஒரு பிரச்சினை. இயர்பட்ஸின் மைக் காதடியில் இருக்கிறது, வாய் எங்கேயோ இருக்கிறது. நடுவில் வருகிற காற்று, காகம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு போகும். நெக்பாண்டில் மைக் தாடைக்குக் கீழே வருவதால் அதே அக்கா "இப்ப வடிவாக் கேக்குது" என்கிறார். இயர்பட்ஸ் வந்தபிறகு நெக்பாண்ட் போடுபவனை ஏதோ பழைய காலத்து ஆள் மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கதைக்கிறதுதான் முக்கிய வேலை என்றால் நான் இன்றைக்கும் நெக்பாண்டைத்தான் சொல்லுவேன்.

இந்தக் கோல் குறையைத் தீர்க்க எல்ஈ ஓடியோ என்ற புதிய முறையை 2020இல் அறிவித்தார்கள். குறைந்த அளவு தரவிலேயே நல்ல ஒலி தரும் எல்சி3 என்ற குறிமுறை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) அதில் இருக்கிறது. ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். பெட்டியில் 5.3 என்று இருந்தால் இதுவும் உள்ளே இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த எண் வேறு, இந்த வசதி வேறு. கடையில் கேட்பதென்றால் எண்ணைக் கேட்காமல் இதைக் கேளுங்கள்.

அடுத்தது இணைப்பு விட்டுவிட்டு வருவது. இதை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் காரணம் நேரெதிர்.

ஒன்று, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்ட். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையும் அங்கேதான், இன்னும் எத்தனையோ சாமான்களும் அங்கேதான். சாதாரண புளூடூத் அந்த இடத்தை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 தடவை தடம் மாறி மாறிப் பாய்கிறது. 2003இல் வந்த 1.2 வேர்ஷனிலிருந்து, நெரிசலான தடங்களைக் கண்டுபிடித்து விலகி ஓடவும் தெரியும். ஆனாலும் பின்னேரம் ரியூஷன் விடுகிற நேரத்தில், கடைகளின் வைஃபையும் அத்தனை பேரின் போனும் ஒரே இடத்தில் குவிந்தால் விலகி ஓட எங்கே இடம்? பாட்டு அங்கங்கே கடிபடும். அந்தச் சனத்தைத் தாண்டினால் சரியாகிவிடும்.

மற்றது பண்ணைக் கடற்கரை. பின்னேரம் கோட்டைப் பக்கம் காரை நிற்பாட்டிவிட்டு நடக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே நெரிசலே இல்லை, வெறும் வெளி, கடல், காற்று. ஆனால் போனை வலப்பக்கக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நடந்தால் இடக்காதில் ஒலி வெட்டி வெட்டி வருகிறது. வீட்டுக்குள் அதே போன், அதே பொக்கற், ஒரு பிரச்சினையும் இல்லை. விஷயம் என்னவென்றால் இந்த அலைவரிசையை நீர் உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி நீர்தான். இடுப்பிலிருந்து எதிர்ப்பக்கக் காதுக்குப் போகிற அலைக்கு நாமே மதில். வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து எப்படியோ சுற்றிக்கொண்டு காதுக்கு வந்துவிடுகிறது. பண்ணையில் தெறிக்க ஒரு சுவரும் இல்லை. போனைச் சேர்ட் பொக்கற்றுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. ஹெட்செட்டை மாற்றத் தேவையில்லை. சில இயர்பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் போனோடு பேசி மற்றப் பக்கத்துக்கு ஒலியைக் கடத்தும். அப்படியான சாமான் என்றால் எந்தப் பக்கம் முதன்மை என்று பார்த்து அந்தப் பக்கப் பொக்கற்றில் போனை வைக்கலாம்.

கொழும்பு இரவு பஸ்ஸில் இயர்பட்ஸ் உண்மையிலேயே உதவும். இரைச்சல் அடக்கும் வசதி உள்ளதென்றால் என்ஜினின் அடித்தொனி நன்றாக அடங்கும். பஸ்காரர் போடுகிற பாட்டும் ஹோர்னும் அடங்காது. அந்த வசதி சீராக வருகிற தாழ்ந்த சத்தத்துக்குத்தான் நல்லது. மோட்டார் சைக்கிள் ஓடும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிற பழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, பின்னால் வருகிற பஸ்ஸே சொல்லும்.

ஸ்பீக்கருக்கு வருவோம். அம்மாவுக்கு விடியற்காலையில் தேவாரம் வேண்டும். மருதனார்மடத்தில் சங்கீதம் படித்த தங்கைக்குச் சுருதிப்பெட்டி வேண்டும். போனில் சுருதிச் செயலியைப் போட்டு ஸ்பீக்கரில் விட்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்துத்தான் வரும், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருதி ஒரே தொனியில் ஓடிக்கொண்டிருப்பது, ஆகவே தாமதம் தெரியாது. ஆனால் போன் திரையில் கீபோர்ட் செயலியைத் தட்டி ஸ்பீக்கரில் கேட்கப் பார்த்தால் விரல் ஒரு இடத்தில், ஸ்வரம் ஒரு இடத்தில். அதற்கு ஓக்ஸ் வயர் என்கிற கம்பிதான் வழி. யூரியூப் பார்க்கும்போது வாயசைவு பிசகாமல் இருப்பதற்குக் காரணம், செயலி அந்தத் தாமதத்தைக் கணக்குப் பார்த்து படத்தையும் பிந்த விடுவதுதான். இன்னொன்று, சுருதியை மிக மெதுவாக வைத்தால் ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடுகிற ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. போனில் ஒலியைக் கூட்டி ஸ்பீக்கரில் குறைத்தால் பெரும்பாலும் சரிவரும்.

எங்கள் ஸ்பீக்கரின் பெரிய கரைச்சல் வேறு. அதற்கு இரகசிய எண் ஒன்றும் கிடையாது. தெரிந்த போன் பக்கத்தில் இல்லையென்றால் யார் கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் நான் போனோடு கடைக்குப் போன நேரம், அம்மாவின் சாமி அறைக்குள்ளிருந்து குத்துப் பாட்டு. வேலிக்கு அங்கால் இருக்கும் பெடியன் தன்னுடைய ஸ்பீக்கர் என்று நினைத்து எங்களுடையதைத் தட்டியிருக்கிறான். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிச் சாமான், போனில் காட்டுகிற பெயரும் ஒன்றே. அம்மா வேலியடிக்குப் போய் "தம்பி, உங்கட பாட்டு எங்கட சாமிக்கு விளங்கேல்ல" என்றார். இப்போது தேவையில்லாத நேரத்தில் ஸ்பீக்கரை அணைத்தே வைக்கிறோம். போனிலும் அதன் பெயரை மாற்றி வைத்திருக்கிறேன், ஆனால் அந்த மாற்றம் என் போனில் மட்டும்தான் தெரியும்.

அதைவிடக் கூட நடப்பது இது: கோல் வரும், அம்மா போனை எடுத்துக் காதில் வைத்து "ஹலோ ஹலோ" என்பார், அக்காவின் குரல் அடுத்த அறை ஸ்பீக்கரில் போய்க் கத்திக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து போனிலேயே இருக்கிறது. புளூடூத் அமைப்பில் அந்த ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டினால், கோலுக்கு ஒரு சுவிட்ச், பாட்டுக்கு ஒரு சுவிட்ச் தனித்தனியாக இருக்கும். கோல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பாட்டு மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும், கோல் போனிலேயே நிற்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஸ்பீக்கர் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை.

வோச் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மணி பார்க்கலாம், எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்கலாம். தமிழில் வருகிற செய்தி அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் எழுத்து உள்ளதாகச் சொன்ன இன்னொன்றில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றது. வாங்கும்போது கடையிலேயே தமிழில் ஒரு செய்தியை அனுப்பிப் பாருங்கள், "கொழும்பு" என்ற ஒரு சொல் போதும். இணைக்கும்போது இடம் காட்டும் அனுமதி கேட்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அன்ட்ரொயிட் 11 வரைக்கும் பக்கத்துச் சாமான்களைத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது. 12இலிருந்து அதற்கென்று தனி அனுமதி வந்துவிட்டது. புதிய போனிலும் இடத்தை வற்புறுத்திக் கேட்டால் ஏன் என்று யோசிக்கலாம்.

இனிப் பற்றரி. இயர்பட்ஸ் ஒன்றுக்குள் இருப்பது பெரும்பாலும் 40, 50 மில்லிஅம்பியர்மணி அளவுப் பற்றரி. போனில் இப்போது சாதாரணமாக 5,000 இருக்கிறது. இவ்வளவு சின்னப் பற்றரி அடிக்கடி இறங்கி ஏறுகிறது, சார்ஜ் பெட்டிக்குள் போட்டதும் மறுபடி நிரம்பிக்கொண்டு நிற்கிறது. லித்தியம் பற்றரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, எப்போதும் முழுதாக நிரம்பி நிற்பது. எங்கள் ஊரில் இரண்டும் தாராளம். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே இயர்பட்ஸ் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவது அதன் ஆயுளில் கை வைப்பதுதான். நெக்பாண்டில் பற்றரி சில மடங்கு பெரியது, ஒரே சார்ஜில் நாள் கணக்காக ஓடும், ஆகவே இறங்கி ஏறுகிற தடவையும் குறைவு. என் நெக்பாண்ட் இயர்பட்ஸை விடப் பழையது, இன்னும் நன்றாக நிற்கிறது. 2022 பங்குனி முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில், எதற்கு முதலில் சார்ஜ் ஏற்றுவது என்று வீட்டில் ஒரு வரிசையே இருந்தது. அந்த வரிசையில் நெக்பாண்டுக்கு இடம் தேவைப்படவில்லை.

உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சார்ஜ் ஏறும் பின்களில் பச்சையாக ஒரு படிவு வரும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது என்று முடிவு கட்டாமல் முதலில் அதைப் பாருங்கள். பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, இயர்பட்ஸிலும் பெட்டிக்குள்ளும் உள்ள பின்களை மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால் பல தடவை உயிர் வந்துவிடும். சாமான் வந்த மட்டைப்பெட்டியில் தண்ணீர்ச் சோதனை எண் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்றுதான் அர்த்தம். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும், அதுவும் நல்ல தண்ணீரில். கடல் தண்ணீருக்கும் வியர்வைக்கும் அந்தச் சோதனை பொறுப்பில்லை. சார்ஜ் பெட்டிக்கு அந்த எண் பல சாமான்களில் பொருந்துவதே இல்லை.

போன கிழமை நண்பனோடு ரவுணுக்குப் போனபோது கடைத் தம்பி பெட்டியை எடுத்து நீட்டினான். "அண்ணை, இது 5.3, பழசு மாதிரி இல்லை." நான் கேட்டேன், "பற்றரி போனா மாத்தித் தருவீங்களோ?" அவன் சிரித்தான். "நெக்பாண்ட் எண்டா கழட்டி மாத்தலாம் அண்ணை. இயர்பட்ஸ் ஒட்டின சாமான், திறந்தா உடையும்." நல்ல பெடியன், உள்ளதைச் சொன்னான். நண்பன் ரைப் சி சார்ஜ், ஆறு மாத வறண்டி உள்ள நெக்பாண்டை எடுத்தான். எனக்கு அம்மாவின் ஸ்பீக்கருக்கு ஒரு ஓக்ஸ் வயர் மட்டும் தேவைப்பட்டது.