பழைய குடும்பக் காணொளிகளை ‘மீட்டுத் தருகிறோம்’ என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்துவிட்டு, அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். சொற்கள் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007-இல் கேம்கோடரில் எடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பக் காணொளிகளைப் புதிய கணினிக்கு மாற்றினேன். எல்லாம் ‘எம்ஓடி’ என்று முடியும் கோப்புகள், ஒன்றுகூடத் திறக்கவில்லை. இணையத்தில் தேடியபோது விளம்பரமாக முதலில் வந்து நின்றது, பழைய காணொளிகளை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒரு சேவைத் தளம். மாதிரிக்கு ஒரு கோப்பை அனுப்பச் சொன்னார்கள். “கோப்பு கடுமையாகப் பழுதடைந்திருக்கிறது, ஆயினும் காப்பாற்றிவிடலாம்” என்று அரை மணி நேரத்தில் மறுமொழி வந்தது. கூடவே இருபது வினாடி ஓடும் ஒரு துண்டும் வந்தது. அதில், இப்போது உயிரோடு இல்லாத என் தந்தை கேமராவைப் பார்த்து, “போதும்ப்பா, நிறுத்து” என்று சிரித்துக்கொண்டே கையசைக்கிறார். எட்டு ஆண்டுகளாக நான் கேட்காத குரல் அது. அதன்பின் நான் எதையும் யோசிக்கவில்லை. அரை மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். பழுதான கோப்பிலிருந்து அரை மணி நேரத்தில் இவ்வளவு தெளிவான துண்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

ஒன்பது நாள் கழித்து வந்தவற்றில் முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருந்தன, பேச்சு உதட்டசைவுக்குப் பின்னால் வந்தது, யார் அசைந்தாலும் விளிம்பில் சீப்புப் பல்லைப் போலக் கோடுகள் விழுந்தன. அக்காலக் கேம்கோடர்கள் பெரும்பாலும் படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாகப் பதிவு செய்தன; அவற்றைச் சரியாகச் சேர்க்காமல் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

முறையிட்டேன். முதலில் “உங்கள் கணினியின் குறை” என்றார்கள். பிறகு “மூலக் கோப்பே அப்படித்தான்” என்றார்கள். அதன்பின் பொறியாளர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியாக, பதிவிறக்கிய பிறகு பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியைச் சுட்டிக்காட்டி உரையாடலை மூடிவிட்டார்கள்.

நேற்று என் அக்கா மகன் அதே மூலக் கோப்பை, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி என்ற காணொளி இயக்கியில் திறந்தான். உடனே ஓடியது, படமும் ஒலியும் சுத்தமாக இருந்தன. அந்தக் கோப்புகளில் இருப்பது டிவிடிகளில் பயன்பட்ட எம்பெக்-2 என்ற காணொளிச் சுருக்க முறையேயாம். பெயரின் முடிவை ‘எம்பிஜி’ என்று மாற்றினாலே பல இயக்கிகள் அடையாளம் கண்டுகொள்ளுமாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடி இயக்கும் வசதியை உடன் சேர்த்துத் தருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். ஆக, கோப்பு பழுதாகவே இல்லை. அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் என் கணினியில் இல்லை. இதற்கா அரை மாதச் சம்பளம்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முதலில் விஎல்சியில் திறந்து பாருங்கள். சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், அவற்றை நீக்க அதிலேயே ‘டீஇன்டர்லேஸ்’ என்ற தேர்வு உண்டு. வேறு வடிவத்துக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளும் இலவசம்தான். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாதிரித் துண்டைக் கண்டு உருகிப் பணம் கட்டாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடமிருந்து ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்திருக்கிறது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள்.