தேரடி பக்கம் ஒரு இயற்பியல் டியூஷன்

என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் பகுதியில் ஒப்பந்த வேலை. பகல் ஷிப்ட் இருந்தால் திரும்பும்போது அவளைக் கூட்டிப்போக டியூஷன் வாசலில் நிற்பேன். ஒரு மழை நாளில் சார் உள்ளே கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். அதிலிருந்து நானும் பாதி மாணவன்தான்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி. மேலே சிமென்ட் ஷீட். இரண்டு ஃபேனில் ஒன்று பேருக்குத்தான் சுற்றுகிறது. மாதம் 800 ரூபாய்.

முன்பு வேறொரு இடத்தில் வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டி ஏமாந்தோம். அணுக்கரு பாடத்தில் அங்கே சொன்னதெல்லாம், "குறைஞ்ச நிறையை 931-ஆல பெருக்கு, மார்க் வந்துடும்." அந்த 931 நிறையை ஆற்றலாக மாற்றும் எண். எதிலிருந்து எதைக் கழிப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஹீலியத்தின் பிணைப்பு ஆற்றலை, அதாவது அதன் கருவைத் தனித்தனித் துகளாகப் பிரிக்க வேண்டிய ஆற்றலை, இவள் எத்தனை முறை போட்டாலும் 27.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்தான் வந்தது. விடையோ 28.3.

இந்த சார் நோட்டை வாங்கிப் பார்த்தார், திருத்தவில்லை. "ரெண்டு விடைக்கும் எவ்ளோ வித்தியாசம்மா?" என்றார். ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். "ஒரு எலக்ட்ரானோட நிறையை ஆற்றலா மாத்தினா 0.511. ரெண்டுக்கு?" அவ்வளவுதான், இவள் தலையில் அடித்துக்கொண்டாள். அட்டவணையில் அணு நிறை அலகில் இருக்கும் 4.002603 முழு ஹீலியம் அணுவின் நிறை, இரண்டு எலக்ட்ரானும் அதில் அடக்கம். இவள் மறுபக்கம் துகள்களைக் கூட்டும்போது வெறும் புரோட்டானின் 1.007276-ஐ எடுத்திருக்கிறாள். எடுத்திருக்க வேண்டியது ஹைட்ரஜன் அணுவின் 1.007825. இரண்டு ஹைட்ரஜன் அணுவையும் இரண்டு நியூட்ரானையும் கூட்டி, அதிலிருந்து ஹீலியம் அணுவைக் கழித்தால் குறையும் நிறை, அதாவது நிறை குறைபாடு, 0.030377, அதை 931.5-ஆல் பெருக்கினால் 28.3 வந்து நிற்கிறது.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஒரு கிராம் நிறை முழுசாக ஆற்றலானால் 9 × 10¹³ ஜூல், அதாவது இரண்டரைக் கோடி யூனிட். எங்கள் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1830 மெகாவாட். அவை முழு வீச்சில் ஓடினாலும் அத்தனை யூனிட்டுக்குப் பதிமூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலக்கரி எவ்வளவு வேண்டும் என்று என்னைக் கேட்டார். யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று வைத்தால் 17,500 டன். காமராஜர் துறைமுகத்திலிருந்து கன்வேயரில் அது வந்து விழுவதை தினமும் பார்க்கிறவன் நான். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. "நிலக்கரி எரியும்போதும் நிறை குறையுது சார், எந்தத் தராசுலயும் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. ஆறரை வகுப்பு ஏழுக்குத்தான் தொடங்கும். பிடித்த பாடம் என்று அணுக்கருவிலேயே மூன்று வாரம் ஓட்டிவிட்டு, அடுத்த பாடமான குறைகடத்தியை நாலு நாளில் முடித்துவிட்டார். அதற்கு வீட்டில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஜூனிலேயே போய்க் கேளுங்கள். கொசுவத்தி நாம்தான் கொண்டுபோக வேண்டும்.