வாக்குத்தத்த வசனப் பெட்டி: வாங்கலாமா, எப்படிப் பாவிப்பது?

டிசம்பர் பிறந்தால் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் சபை வாசல் மேசைகளில் இந்தப் பெட்டி வந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், அட்டைக்கு ஒரு வசனம். 31ஆம் திகதி இரவு ஆராதனையில் ஒன்றை எடுத்து வருடம் முழுக்க வைத்திருப்பவர்கள் உண்டு, விடிய எழும்பித் தேத்தண்ணிக்கு முதல் ஒன்று எடுக்கிற வீடுகளும் உண்டு. அதெல்லாம் நல்லதே. கவலை தருவது வேறொரு பழக்கம்: "கட்டாருக்குப் போகட்டா, விடட்டா ஆண்டவரே?" என்று கேட்டுவிட்டு ஒரு அட்டையை உருவி, அதில் வருவதைப் பதிலாக எடுப்பது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் கடதாசிப் பெட்டி ஒரு மாரியைத் தாண்டாது. ஈரக்காற்றில் அட்டைகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது அச்சும் உரிந்து வரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள். லெமினேட் அட்டை என்றால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை அட்டைக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றராவது நிற்க வேண்டும். ஒட்ட வெட்டியிருந்தால் அந்த வெட்டு வழியாகவே ஈரம் ஏறும். எழுத்துரு மாற்றி அச்சடித்ததில் கொம்பும் காலும் இடம் மாறிப்போன சொற்களும் வரும். வாங்க முதல் பத்து அட்டையை வேதாகமத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டில் அதிகார இலக்கம் பிழைத்தால் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். கத்தோலிக்க வீட்டுக்குப் பரிசாகக் கொடுப்பதென்றால், 1995இல் வெளிவந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அட்டையில் "சங்கீதம்" என்று இருப்பதை அவர்கள் "திருப்பாடல்கள்" என்று தேட வேண்டிவரும்.

இனிமேல்தான் முக்கியமான விசயம். பெட்டிக்காரர் வசனத்தை எங்கே வெட்டுகிறார்?

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. கடை திறப்புக்கும் வீடு குடிபுகுதலுக்கும் நாங்கள் எழுதி மாட்டுகிற வசனம், பெட்டியிலும் அநேகமாக இருக்கும். இதைச் சொன்னவன் யோபுவின் நண்பர்களில் ஒருவனான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் இருக்கிற யோபுவிடம் வந்து, அந்தப் பிள்ளைகளின் பாவத்தையே இழுத்துப் பேசிவிட்டு, நீ சுத்தமாயிருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று கணக்குப் போடுகிறான். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தருக்கு இந்த நண்பர்கள் மேல்தான் கோபம் மூளுகிறது. அட்டையில் பில்தாத்தின் பெயர் இல்லாததால், வாசிக்கிறவர் அதைக் கர்த்தர் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்.

எரேமியா 29:11 இன்னும் அதிகம் பாவிக்கப்படுவது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வாக்கு உண்மையாகவே கர்த்தருடையது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன சனங்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருடத்தில் விடுதலை என்று சொல்லியிருந்தான், அது பொய்யாய்ப் போயிற்று. எரேமியாவின் கடிதமோ வீடு கட்டு, தோட்டம் நாட்டு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவை, இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணு என்கிறது. குறிசொல்லுகிறவர்களிடம் ஏமாறாதே என்ற எச்சரிப்பும் அதே கடிதத்தில் 8ஆம் வசனத்தில் வருகிறது. "எனக்கு நல்லது வரும், விசா கிடைக்கும்" என்று இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த முழுக் கடிதம் எவ்வளவு ஆறுதல், எவ்வளவு தெளிவு! அதைப் பெட்டி தராது. உபாகமம் 28:13உம் அப்படித்தான்: வாலாக்காமல் தலையாக்குவார் என்பது அச்சில் வரும், கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற பாதி பல அட்டைகளில் வராது.

அதனால் அட்டையைக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார், யாருக்கு, என்ன நிபந்தனையோடு சொன்னது என்று பாருங்கள். அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் திகதியைப் பென்சிலால் குறியுங்கள், பேனா மை இந்த ஈரத்தில் பரவும். மனதுக்குப் பிடித்தது வரும்வரை இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்தால், அங்கே தேடப்படுவது கர்த்தருடைய சித்தம் இல்லை, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒரு முத்திரை.

வெளிநாட்டு வேலை, கலியாணப் பேச்சு, குழுக்கடன் போன்ற காரியங்களில் பெட்டியை ஒரு கிழமைக்கு மூடி வையுங்கள். யாக்கோபு 1:5இன்படி ஞானத்தைக் கேட்டு ஜெபியுங்கள், பிறகு இரண்டு பேரிடம் கதையுங்கள்: ஒருவர் அந்த விசயம் தெரிந்தவர், மற்றவர் முகத்துக்கு நேரே "வேண்டாம்" சொல்லக்கூடிய பெரியவர். முகவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். கடன் என்றால் கிழமைத் தவணையையும் கிழமை வருமானத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்கிற நீதிமொழிகள் 15:22ஐக் காட்டுங்கள்.

நாளுக்கொரு வசனம்தான் விருப்பம் என்றால், ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சபையார் 1728இல் தொடங்கிய முறை நல்லது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்தாலும், அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் யோசித்தே தெரிவு செய்கிறார்கள். ஒரே வசனத்தைச் சபை முழுவதும் வாசிப்பதால் ஒருவர் தன் இஷ்டத்துக்கு வளைக்க இடம் குறைவு. வீட்டிலும் அப்படியே செய்யலாம்: காலையில் ஒரு அட்டை எல்லாருக்கும், இரவு ஜெபத்தில் அதன் அதிகாரம்.

பிள்ளைகளுக்கு வசனம் பாடமாக்க இந்தப் பெட்டி மிக நன்று, தயங்காமல் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு மட்டும் வேண்டாம்; அந்தச் சின்ன எழுத்தைப் படுத்திருந்து வாசிப்பது கஷ்டம். சங்கீதம் 23ஐப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், ஆறு வசனம்தான்.