பழைய 520டி, இ250, ஏ6: தினம் ஓட்ட எது சரி?

பத்து வயதான ஜெர்மன் செடான் ஒன்று இன்று சென்னையில் ஒரு புது ஹேட்ச்பேக்கின் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கும் விலைதான் சின்னது. உதிரி பாகங்களின் விலை, அந்தக் கார் புதிதாக விற்ற விலைக்கு ஏற்றபடிதான் இருக்கும். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்ற கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும். கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் கார் தேடுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

சந்தையில் அதிகம் கண்ணில் படுவது மூன்று டீசல்கள் (அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தந்தத் தலைமுறையின் குறியீடு): பிஎம்டபிள்யூ 520டி (எஃப்10), பென்ஸ் இ250 சிடிஐ (டபிள்யூ212), ஆடி ஏ6 2.0 டிடிஐ (சி7).

ஓட்டும் சுகத்தில் 520டிதான் முன்னால் நிற்கிறது. 184 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை, இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்தியாவில் விற்ற 520டி, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பாகங்களைப் பூட்டி உருவாக்கப்பட்டது. அதற்காகப் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கவலை இன்ஜினில்தான். என்47 என்ற அந்த இன்ஜினின் டைமிங் செயின் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி) கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் இருக்கிறது. 2007 முதல் 2011 தொடக்கம் வரை தயாரானவற்றில் செயின் தேய்மானப் புகார் மிக அதிகம். மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும்; செயினை விடக் கூலிதான் பெரிய செலவு. பின்னால் வந்த, 190 குதிரைத்திறன் கொண்ட பி47 இன்ஜின் உள்ள கார் கிடைத்தால், கூடுதல் பணம் கொடுத்தாவது அதையே எடுங்கள். 2018-ல் தென் கொரியாவில் 520டி கார்கள் தீப்பிடித்த பிறகு, இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குள் திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிவுக்காக நிறுவனம் பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வேலை இந்தக் காருக்குப் பொருந்துமா, முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ரன்பிளாட் டயர்: காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய, பக்கச்சுவர் கெட்டியான டயர். நம் ஊர்ப் பள்ளங்களில் அது முதுகுக்குத் தெரியும். சாதா டயர் போட்டு, டிக்கியில் பஞ்சர் கிட் வைத்து ஓட்டுகிறவர்கள் நிறைய.

இ250 ஓட்டுவதில் அந்தத் துள்ளல் இல்லை. ஆனால் காலையும் மாலையும் ஓஎம்ஆர் நெரிசலில் உட்கார வேண்டியவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே நகரும். சஸ்பென்ஷன் மேடு பள்ளத்தை விழுங்கும், சீட்டில் நாள் முழுக்க உட்காரலாம். குறையும் உண்டு. ஓஎம்651 இன்ஜினின் ஆரம்பகால பீசோ இன்ஜெக்டர்கள் (டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) கெட்டுப்போனதால் நிறுவனமே வேறு வகைக்கு மாற்றியது. வாட்டர் பம்ப் பக்கம் கூலன்ட் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2013-க்குப் பிந்தைய, முகம் மாற்றிய (ஃபேஸ்லிஃப்ட்) மாடலைத் தேடுங்கள்.

ஏ6 அழகு, உள்ளே மூன்றிலும் நேர்த்தி அதற்குத்தான். ஆனால் முதலில் வந்த 2.0 டிடிஐயில் இருப்பது மல்டிட்ரானிக் என்ற சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 2014-ல் ஆடியே அதைக் கைவிட்டது. அது பழுதானால் சரியாகப் பார்க்கத் தெரிந்த கை கிடைப்பது கஷ்டம். இதில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட்; அது முன்னால் இருப்பது நல்லதுதான், ஆனால் கிலோமீட்டர் குறைவு என்று வயதான பெல்ட்டை விட்டுவைக்கக் கூடாது. அறுந்தால் இன்ஜினே போய்விடும். மனசு ஏ6 மேல்தான் என்றால், முகம் மாற்றிய பிறகு வந்த எஸ் ட்ரானிக் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மாடலைப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் கியர்பாக்ஸ் ஆயில் ஒன்றை மறக்க வேண்டாம். 520டியில் 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்பார்கள். அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

அப்புறம் கார் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பத்து வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்கு டெல்லி வட்டாரத்தில் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அங்கே விலை விழுந்த கார்கள் தெற்கே வந்தன. என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் கூட்டினால் லாபம் பாதியாகிவிடும். உள்ளூர் கார் என்றால் வெள்ளம் பார்த்ததா என்று கேட்க வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டும் நமக்குத் தெரியும். 520டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் புகுந்தால் தொல்லை வருடக்கணக்கில் தொடரும். நான் பார்க்கப் போன ஒரு பென்ஸ் கண்ணாடி போலப் பளபளத்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தபோது உள்ளே காய்ந்த சேற்றுக் கோடு. அப்படியே திரும்பி வந்தேன்.

பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். செயின் சத்தம் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு எதுவும் பேச வேண்டாம், மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.