காய்ச்சல் போன பிறகும் விடாத இருமலுக்கு ஹியூமிடிஃபையர் வாங்கலாமா?

காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு வலியும் இல்லை, ஆனால் படுத்தால் போதும், தொண்டையில் அரிப்பு எடுத்து மூச்சு முட்டுகிற வரை வறட்டு இருமல். அதற்காகத்தான் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கினேன், அதாவது தண்ணீரை அதிர்வால் பனிப்புகையாக்கி அறைக்காற்றை ஈரமாக்கும் கருவி. இது இருமலைக் குணப்படுத்தாது, ராத்திரியில் தொண்டை காய்வதைக் குறைக்கும். அந்த அளவுக்கு எனக்குத் திருப்திதான்.

பெட்டியில் 'இருமலுக்குத் தீர்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதை நம்பாதீர்கள். வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உட்புறம் அழற்சியோடு இருக்கும், இருமலைத் தூண்டும் நரம்புகளும் சட்டென்று சீண்டப்படும், அதனால் கொஞ்சம் குளிர்காற்று பட்டாலும் சத்தமாகச் சிரித்தாலும் இருமல் வந்துவிடும். இது அடங்க 3 முதல் 8 வாரம் வரை ஆகலாம், ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் சீக்கிரம் போகாது. ஏசியோ ஹீட்டரோ ஓடி அறைக்காற்று வறண்டு கிடந்தால்தான் இந்தக் கருவிக்கு வேலை. ஏற்கெனவே ஈரக்காற்று உள்ள அறைக்கு வாங்கவே வேண்டாம். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் பெருகி இருமலைக் கிளப்பிவிடும். அதனால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

எனக்கு இதில் பெரிய குறை தொட்டிதான். வாய் குறுகல், கை உள்ளே போகாது. தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டிய ஒரு பொருளை ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கோபமே வருகிறது, ஏனென்றால் உள்ளே வழவழப்பு சேர்ந்தால் அதிலுள்ள கிருமி பனிப்புகையோடு நேராக நம் நுரையீரலுக்குத்தான் போகும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூளாகப் பறந்து மேசையெல்லாம் படிகிறது, அதையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறோம். கொதிக்கவைத்தாலும் அந்த உப்பு முழுவதும் போகாது, டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அப்புறம், தைலம், வாசனை எண்ணெய் எதையும் தொட்டியில் விடாதீர்கள், புண்பட்ட மூச்சுக்குழாயை அது இன்னும் எரிச்சல்படுத்தும்.

சத்தம் அதிகமில்லை. கருவியில் எரியும் விளக்கை அணைக்க வழியில்லாதது தொந்தரவு.

வாங்குவதாக இருந்தால் கை நுழையும் அளவு அகலமான தொட்டி உள்ளதைப் பாருங்கள். இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், திரும்ப வரும் காய்ச்சல், எடை குறைவது என்று எது இருந்தாலும் கருவி தேடாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். 8 வாரம் தாண்டினாலும் அப்படியே. காசநோய் அதிகம் உள்ள இடமென்றால் 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், வறட்டு இருமல் அதனாலும் வரும். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.