வெட்டுவதா, பெயர்த்து நடுவதா?

பெங்களூரு சர்ஜாபூர் பக்கம் வீடு கட்ட மச்சினன் வாங்கிய மனையில் ஒரு அரசமரம், இரண்டு மாமரம், ஓரமாகச் சில்வர் ஓக் வரிசை. "எல்லாத்தையும் வெட்டிடலாம் மாமா" என்கிறான்.

வெட்டுவது மலிவு, சீக்கிரமும்கூட. ஆனால் 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த மனை என்றாலும் பெரும்பாலான மரங்களுக்கு மர அதிகாரியின் (இதற்கென உள்ள வனத்துறை அலுவலர்) அனுமதி வேண்டும். வேரை விட்டுவைத்தால் கரையான் வரும், அழுகியபின் மண்ணும் இறங்கும்.

பெயர்த்து நடுவது எல்லா மரத்துக்கும் ஒத்துவராது. அரசு, ஆல், அத்தி பிழைத்துக்கொள்ளும். வெட்டிய கிளையே துளிர்க்கிற சாதி. முற்றிய மாமரம் சந்தேகம்தான். கிளை கழித்து, சுற்றிலும் தோண்டி, வேர்மண்ணைச் சாக்கில் கட்டி, கிரேனில் தூக்க வேண்டும். அப்புறம் மாதக்கணக்கில் தண்ணீர். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மழை தொடங்கும் ஜூன் நல்ல சமயம்.

அரசைப் பெயர்க்கலாம், சில்வர் ஓக் போகட்டும். மாமரத்துக்கு வீட்டு வரைபடத்தை நாலடி தள்ளினால் ஒன்றாவது தப்பும். மச்சினன் இன்னும் இன்ஜினியரிடம் கேட்கவில்லை.